பின்சீட்டுக் குரலுக்கு நாலு டயர்

மதுரை மாநகரிலும் அதற்கு மேற்கே வெயில் காயும் ஊர்களிலும் வாழும் உற்றார் உறவினர், பங்காளிகள், மாமன் மச்சான்கள், பத்திரிகை வைக்கவில்லை என்று முறைத்துக்கொண்டு திரிபவர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டு வெள்ளைக் காரின் நான்கு டயர்களும் தங்கள் உருண்டு திரண்ட வாழ்வின் இறுதிக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. பட்டன் தேய்ந்து, பளபளப்பு தேய்ந்து, சத்தம் மட்டும் தேயாமல் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருக்கும் அன்னாரின் நல்லடக்கம் பைபாஸ் ரோட்டு டயர்க் கடையில் நடைபெற வேண்டும். நடத்தி வைக்க வேண்டியவர்தான் இன்னும் மனம் இறங்கவில்லை. அந்த மனம் இறங்காதவருக்கு, அதாவது என் வளர்ந்த மகனாகிய உனக்கு, இந்தக் கடிதம். உறையில் போட்டு ஒட்டவில்லை. ஆகவே இது திறந்த மடல்.

மகனே! யாருடா யாருக்கு மகன் என்று மீசையைத் தடவாதே. எனக்கு உன் அப்பாவின் பெயரை வைத்தது நீ. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அப்போது தொட்டிலை நனைப்பதில் மும்முரமாக இருந்தேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டால் தாத்தாவே திரும்பி வந்துவிட்டார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் உன் அப்பாவை அழைத்த அதே வாயால் என்னையும் நீ 'அய்யா' என்கிறாய். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று அம்மா என்னைத் 'தம்பி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். கோபம் தலைக்கு ஏறினாலும் என் பெயரைச் சொல்லித் திட்ட உனக்கு நாக்கு எழாது. போன மாதம் ஏதோ ஒரு வேகத்தில் முழுப் பெயரையும் சொல்லி 'அறிவிருக்கா' என்று ஆரம்பித்துவிட்டு, உடனே சுவரில் மாட்டியிருக்கும் உன் அப்பாவின் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாயே, நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? பிறந்ததிலிருந்து உனக்கு அப்பாவாக இருந்துவருகிறேன். பட்டம் கொடுத்தீர்கள், அதிகாரம் கொடுக்கவில்லை. அதை இன்று நானே எடுத்துக்கொள்கிறேன். 'நீ', 'வா', 'போ' என்று எழுதுவதும் அந்த அதிகாரத்தில்தான். இதற்காக மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கோயம்புத்தூர் போகிறேன். வண்டிகளைப் பற்றிப் படிக்கும் இன்ஜினியரிங் படிப்பு, ஹாஸ்டல் வாசம். வீட்டை விட்டுப் புறப்படும் தகப்பன் பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? என்னைக் கொண்டுபோய் விட நீ வருவாய், பெட்டி வரும், சுருட்டிய மெத்தை வரும், பச்சை வாளி வரும். அம்மா மட்டும் வர மாட்டாள். 'நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வாசல்லயே வழியனுப்பிக்கிறேன்' என்று சொல்லிவிட்டாள். நீ அதை ஒரு பெருமூச்சில் கடந்துபோய்விட்டாய். நான் கடப்பதாக இல்லை. எனக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் கோயம்புத்தூரில் இறங்கப் போகிறேன், எனக்கு யார் துணையும் வேண்டாம் என்று இந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னவன் நான். பிரச்சினை நானில்லை. பிரச்சினை வட்டமாக, கறுப்பாக, நாலு இருக்கிறது.

இந்த டயர்கள் நம் வீட்டுக்கு வந்த கதையை உனக்கே சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை வசதியாக மறந்துவிட்டாய். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் சோளக் காட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே அம்மாவின் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். காட்டுப் பாதையில் கருவேல முள் ஏறி, ஊர் எல்லையில் டயர் உட்கார்ந்துவிட்டது. புது வேட்டி, விறைத்த சட்டை, கையில் மோதிரத்தோடு நீ ஸ்பானரை வைத்துக்கொண்டு குத்தவைத்திருக்க, உன் மச்சான்மார் ஒவ்வொருவராக பைக்கில் கடந்துபோனார்கள். ஒருவர் நிறுத்தி, 'என்ன மாப்ள, மாமியா வீட்டுக்கு வாரதுக்கு இம்புட்டு வேர்வையா?' என்று கேட்டுவிட்டுப் போனார். உதவி செய்யவில்லை, கேள்வி மட்டும் கேட்டார். மறுநாளே நீ போய், ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்த இந்தப் பட்டன் டயர்களை மாட்டிக்கொண்டு வந்தாய். பெரிய பெரிய கட்டி ரப்பர், நடுவில் என் விரல் நுழைகிற பள்ளம். 'முள்ளு என்ன, முள்ளோட அப்பனே வந்தாலும் உள்ள ஏறாது' என்றாய். சரிதான். ஏறவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு நீ காரைக் காட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. தார் ரோட்டில் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து போகிறாய். அவசரமென்றால் பைக்கில் போகிறாய். ஒரு மச்சான் கேட்ட ஒரு கேள்விக்காக, இல்லாத முள்ளோடு இத்தனை வருடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது நம் கார்.

அந்தச் சண்டையின் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. வீட்டுத் தெருவில் மெதுவாகப் போகும்போது பாவம் போல இருக்கும். பைபாஸ் ஏறி வேகம் எடுத்தால் தரைக்கு அடியிலிருந்து 'ஊஊ' என்று ஒன்று கிளம்பும். வேகம் கூடக் கூட அதுவும் சுருதி கூட்டும். புது ரோட்டில் ஊளை, பழைய ரோட்டில் உறுமல், பாலத்து மேல் இரண்டும் சேர்ந்த கச்சேரி. 'பேரிங் போயிருக்கும்டா' என்றாய். பேரிங் என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறும். நீ ரவுண்டானாவைச் சுற்றச் சுற்ற நான் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன், மாறவே இல்லை. 'கண்ணாடியத் தூக்கி விடு' என்றாய். தூக்கினோம், சத்தம் உள்ளேயே குடித்தனம் வந்தது. 'பாட்டுச் சத்தத்தக் கூட்டி வையி' என்றாய். கூட்டினோம். இப்போது பாட்டும் கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. கடைசியில் நீ சொன்ன பொன்மொழியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: 'சத்தம் வந்தாத்தான்டா வண்டி ஓடுதுன்னு அர்த்தம்.' இந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் வீட்டு மிக்ஸி இந்நேரம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

உனக்கும் எனக்கும் பரவாயில்லை. நமக்குத் தொண்டை இருக்கிறது, கத்திக்கொள்கிறோம். அம்மாவுக்கு இல்லை. இத்தனை வருடமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று 'உக்காரு, எந்திரிக்காத, அவன் காதக் கடிக்காத' என்று கத்திக் கத்தி, குரல் நரம்பில் முடிச்சு விழுந்துவிட்டது. டாக்டர் சொன்னதை நீயும்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய்: பேசலாம், மெல்லப் பேசலாம், உரக்கப் பேசக் கூடாது, மீறினால் ஆபரேஷன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நாமே டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம். காரில் யார் என்ன செய்தோம்? அவள் பின்சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி ஏதோ சொல்வாள். நீ 'ஆங்?' என்பாய். திரும்பச் சொல்வாள். 'ஆங்?' மூன்றாவது தடவை அவள் வாயைத் திறப்பதற்குள் இருமல் வந்துவிடும். பிறகு சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வருவாள். முன்சீட்டை அவளுக்குக் கொடுத்தும் பார்த்தேன். 'அய்யா பேரு வச்சவன் முன்னாடி உக்காரட்டும்' என்று நீ மறித்ததையும் மீறிக் கொடுத்தேன். அங்கேயும் 'ஆங்'தான், கொஞ்சம் பக்கத்திலிருந்து 'ஆங்', அவ்வளவே வித்தியாசம். உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. ஆரப்பாளையத்தில் நீ வைத்திருக்கும் பைப் கடையில், வாசலில் பஸ் ஹாரன் அலறும்போது, ஏழு பேருக்குப் பின்னால் நிற்கிற ஒரு ஆள் முணுமுணுத்தாலும் 'முக்கா இஞ்ச் எல்போ தானண்ணே, இந்தா வந்துட்டேன்' என்று எடுத்துக் கொடுக்கிறாய்.

அப்புறம் அந்தப் பேரையூர் கல்யாணம். அதைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை, நான் பேசுவேன். போகிற வழியில் சாலையோரக் கோயிலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. 'ஏறு ஏறு, வழிய மறிச்சு நிக்கிறோம்' என்று நீ விரட்டினாய். நாம் இருவரும் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினோம். அம்மாவின் செருப்பு கோயில் மரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவள் அப்படியே ஏறிவிட்டாள். வண்டி வேகம் எடுத்த பிறகு முன்னால் நகர்ந்து சொன்னாள். அவள் சொன்னது, பிறகு தெரிந்தபடி, 'என் செருப்ப அங்கயே விட்டுட்டேன்.' நீ வானத்தைப் பார்த்துவிட்டு, 'ஆமாமா, இந்தத் தடவ மழ இருக்கு' என்றாய். மறுபடியும் சொன்னாள். 'கெழக்க இருட்டிக்கிட்டு வருதுல்ல' என்றாய். மூன்றாவது தடவைக்கு நீ தந்த பதில் அந்த மழைக்குச் சோளம் விதைப்பதைப் பற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒரு சொல் விளங்கவில்லை என்பதைச் சாட்சியாகப் பதிவு செய்கிறேன்.

மண்டபத்து வாசலில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். உச்சி வெயில். நீ இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, 'வா வா' என்று சொல்லியபடியே நடந்துவிட்டாய். அம்மா கதவைத் திறந்து ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், இன்னொரு காலை வைத்தாள், எடுத்தாள். பட்டுப்புடவையோடு, தாம்பூலத் தட்டோடு, அந்த ஜல்லியைக் கடந்து அவள் வந்ததை மண்டபமே பார்த்தது. 'என்ன மதினி, வேண்டுதலா?' என்று உன் தங்கச்சி கேட்டாள். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். நாதஸ்வரச் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. நீ என்ன செய்தாய் மகனே? ஊருக்கே கேட்கிற குரலில், 'ஆமாத்தா, எதோ வேண்டுதல் போல, எங்கிட்டக்கூடச் சொல்லல' என்றாய். சொல்லவில்லையாம்! அதன் பிறகு பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர், எந்தச் சாமிக்கு என்று விசாரித்து, பலித்தால் தங்களுக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, கால் இரண்டையும் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அப்போது வீட்டில் டயர் ஓடவில்லை, நமக்கு நன்றாகக் கேட்டது. 'செருப்பு போனாப் போகுது. நான் மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் நீங்க மழையப் பத்திச் சொன்னீங்க. இனிமே அந்த வண்டில நான் ஏறல.' நீ சிரித்துச் சமாளித்தாய். 'ஏன், பஸ்ஸு மட்டும் என்ன தியான மண்டபமா? அதுலயும்தான் காது கிழியும்.' அம்மா உன்னைப் பார்க்காமலே சொன்னாள்: 'பஸ்ல நான் யாருக்கும் எதும் சொல்ல வேண்டியதில்லல்ல.' நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து எங்கு போனாலும் நாம் காரில், அவள் பஸ்ஸில். கோயம்புத்தூருக்கும் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். 'புருசன் கார்ல, பொண்டாட்டி பஸ்லயா? ஹாஸ்டல் வாசல்ல பாக்குறவன் என்ன நெனப்பான்?' என்று நீ குதித்தாய். அப்போதுதான் வாசலோடு வழியனுப்பிக்கொள்கிறேன் என்ற முடிவுக்கு வந்தாள். ஹாஸ்டல் வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவன் என்ன நினைப்பான் என்று கவலைப்பட்டாய். பின்சீட்டில் இருந்தவள் என்ன நினைத்தாள் என்று ஒரு நாள் கேட்டாயா?

என் தரப்பிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. சட்டம் ஒழுங்குக்குப் பெரிய பங்கம் வராத அளவில் போராடினேன். நம் கேட்டில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் என் கைவண்ணம்தான். மாலை போட்ட டயர் படம், 'ஓடி ஓடி உழைத்த உத்தமரே', 'பட்டன் போனாலும் பாசம் போகாது', கீழே 'தாங்க முடியாத சத்தத்துடன் குடும்பத்தார்'. போஸ்டர் இல்லாமல் மதுரையில் எந்தக் காரியம் நடந்திருக்கிறது? எதிர்வீட்டுக்காரர் படத்தைச் சரியாகப் பார்க்காமல் மாலையோடு வந்துவிட்டது என் தவறல்ல, அவர் கண்ணாடியின் தவறு. நீ அவரிடம், 'ஒண்ணுமில்லண்ணே, எங்கய்யா வெளையாண்டிருக்காரு' என்று பல்லைக் கடித்தபடி சொன்னது இன்னும் இனிக்கிறது. அடுத்தது ஒலிப் போராட்டம். பின்சீட்டுத் தரையில் செல்போனை வைத்து டயர் சத்தத்தைப் பதிவு செய்து, நீ மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது உன் தலைமாட்டில் ஓடவிட்டேன். தூக்கத்திலேயே நீ 'ஆங்?' என்றாய்! அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிற வரைக்கும், சத்தமே வராமல் சிரித்தாள். நீ எழுந்து விளக்குமாற்றைத் தேடினாய். இரண்டுக்கும் சேர்த்து என்னைக் கைப்பேசி இல்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தாய். வை. இன்னொரு வாரமும் வை. போஸ்டரைக் கிழிக்கலாம், சத்தத்தைக் கிழிக்க முடியாது.

கைப்பேசி திரும்பி வந்ததும் டயரைப் பற்றிப் பார்க்காத வீடியோ இல்லை, படிக்காத பக்கம் இல்லை. அந்த ஞானத்தை உனக்குச் சும்மா தருகிறேன், வாங்கிக்கொள். பட்டன் பெரிதாக, பள்ளம் அகலமாக இருந்தால் ஒவ்வொரு கட்டியும் ரோட்டைத் தனித்தனியாக அறைகிறது. பள்ளத்துக்குள் மாட்டிக்கொள்ளும் காற்று பிதுங்கி வெளியே வரும்போது ஊளையிடுகிறது. தேய்வது கோணலாகத் தேய்ந்தால் இன்னும் மோசம். நீ அலைன்மென்ட் பார்த்ததே இல்லை, முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டதும் இல்லை. அதனால் நம்முடையது அரம் மாதிரி ஆகிவிட்டது, கையால் தடவிப் பார். நமக்கு வேண்டியது தார் ரோட்டுக்கென்றே செய்த டயர். நடுவில் விட்டுப்போகாமல் நீளமாக ஓடும் வரிகள் இருக்க வேண்டும். பள்ளம் குறுகலாக இருக்க வேண்டும். கட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கக் கூடாது. ஒரே அளவென்றால் எல்லாம் ஒரே சுருதியில் சேர்ந்து கத்தும், சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் சத்தம் சிதறி அமுங்கிவிடும். பார்க்க எடுப்பாக இருக்கிறதென்று அகலமான டயருக்கு ஆசைப்படாதே, அகலம் கூடினால் இரைச்சலும் கூடும். காற்றை வண்டிக் கதவோரம் எழுதியிருக்கிற அளவுக்கு அடி, 'நல்லா டைட்டா அடிண்ணே' என்று சொல்லாதே. இத்தனையும் செய்தாலும் கார் கோயில் கருவறை ஆகிவிடாது. காற்றுச் சத்தம் இருக்கும், இன்ஜின் சத்தம் இருக்கும், உன் வாய் இருக்கும். ஆனால் மெல்லப் பேசும் ஒரு குரல் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்துசேர வழி கிடைக்கும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். தார் ரோட்டு டயரின் மெத்து ரப்பர் சீக்கிரம் தேயும் என்பாய். தேயும், ஒப்புக்கொள்கிறேன். முள் ஏறும் என்பாய். ஏறினால் ஏறட்டும், பஞ்சர் ஒட்டலாம், ஸ்டெப்னி மாட்டலாம், உன் மச்சான் வந்து நின்று கேள்வி கேட்டால் அவரிடமே ஜாக்கியைக் கொடுக்கலாம். டயரைப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி குரல் நரம்பை ஒட்ட ஆரப்பாளையத்தில் கடை இல்லை. ஒரு விசேஷத்துக்குப் போன ஊர் எல்லையில் நீ வேர்த்து நின்றது உனக்கு இன்னும் உறுத்துகிறது. இன்னொரு விசேஷத்தில் மண்டபத்து வாசலில் அவள் வெறுங்காலோடு நின்றது ஏன் உனக்கு உறுத்தவில்லை? அப்பா என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியாது மகனே: உனக்கு அந்தச் சத்தம் ஒருவகையில் வசதியாக இருந்தது என்று எனக்குச் சந்தேகம். 'கார்ல மட்டும் உங்கம்மா சண்டையே போடுறதில்லடா, எம்புட்டு நிம்மதி' என்று ஒரு நாள் என்னிடம் கண்ணடித்துச் சொன்னாய். நானும் சிரித்தேன். அவள் சண்டை போடாமல் இல்லை. சண்டையும் போட்டாள், நல்ல செய்தியும் சொன்னாள், வழியில் தெரிந்த மயிலையும் காட்டினாள். அத்தனையும் ரோட்டில் விழுந்து நம் டயருக்கு அடியிலேயே நசுங்கிப்போயின. நீ நிம்மதி என்று சொன்னது அதைத்தான். இதைப் படித்துவிட்டு நீ என்னை அடிக்க வரலாம். உன் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டே அடி பார்ப்போம்.

இந்த வீராவேசத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் கம்பீரமாக இருந்திருக்கும். முடிக்க முடியவில்லை. முந்தாநாள் என்ன நடந்ததென்றால், உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நாமே முடித்துவிடுவோம் என்று, சேர்த்துவைத்த திருவிழாக் காசையெல்லாம் எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டு டயர்க் கடைக்கு நான் போனேன். வரி, பள்ளம், சுருதி என்று மேலே சொன்ன அத்தனையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'எல்லாஞ் சரி தம்பி, சைஸ் என்ன?' என்றார். மீடியம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. 'வண்டி எங்க?' என்றார். வீட்டில் என்றேன். 'அப்ப டயர மட்டும் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போயி நீயே மாட்டப் போறியாக்கும்?' என்று கேட்டுவிட்டுக் கடைசியில், 'அப்பாவக் கூட்டிட்டு வாய்யா, வண்டியோட' என்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை கேட்ட வாசகம்தான். இந்தத் தடவை மட்டும் அதற்கு எந்தக் குறும்பும் செய்யாமலே வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள். எங்கே போனாய் என்று புருவத்தால் கேட்டாள். 'டயர் மாத்தியாச்சும்மா, அப்பாதான் மாத்தச் சொன்னாரு' என்று வாய் சொல்லிவிட்டது. அதற்குள் நீயும் வண்டியை உன் பைப் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாய், என் பொய்க்கு அது தோதாகப் போயிற்று. 'நெசமாவா? சத்தமே இல்லையா?' என்றாள். 'பூன நடக்குற மாதிரிம்மா' என்றேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைத் திருப்பி வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலமே தலைமை ஆசிரியையிடம் பேசித் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள், தானும் கோயம்புத்தூர் வருவதாக. வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம், 'உங்கிட்டச் சொல்ல நெறையா இருக்கு தம்பி. அப்பாட்டயும் இருக்கு. தொண்டைய இப்பருந்தே மிச்சம் பிடிச்சு வச்சுக்கிறேன், அம்புட்டுத் தூரம் பேசணும்ல' என்றாள். முந்தாநாள் ராத்திரியிலிருந்து அம்மா வீட்டில் வாயே திறக்காததற்கு அதுதான் காரணம். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே 'இன்னுமாடி கோவம்?' என்று கேட்டீர்களே அப்பா, அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோனாளே, அது கோபம் இல்லை. சேர்த்துவைக்கிறாள்.

இந்தக் கடிதத்தை ஸ்டீயரிங்கில் செருகிவைத்திருக்கிறேன், அம்மா அந்த வண்டிப் பக்கம் வர மாட்டாள் என்பதால். டயரின் பக்கவாட்டில் இருக்கிற எண்களை எல்லாம் கீழே குறித்திருக்கிறேன். அதில் எது சைஸ், எது தயாரித்த வாரம் என்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போவேன் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னது உண்மைதான். ராத்திரி பெட்டியைக் கட்டிவிட்டு, கோயம்புத்தூரே வேண்டாம் போலிருந்து, மறுபடியும் அவிழ்த்துக் கட்டினேன். வழி நெடுக அம்மா ஏதாவது பேசிக்கொண்டே வந்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. நாளைக்குக் காலையில் நம்ம கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நடை பைபாஸ் ரோட்டுக்கு வண்டிய எடுங்கப்பா. நானும் கூட வாரேன்.